சூப்பர்வைசர் வலி

அக்கா,

இன்று மதியம் பையில் சீப்பைத் தேடும்போது தைல டப்பா கையில் பட்டது. மூடியைத் திறக்கவில்லை. அப்படியும் வாசனை வந்தது.

பத்தாவது பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு தி. நகர் புடவைக் கடைக்கு நான் வந்த புதிதில், கழுத்தும் தோளும் கல்லாக இறுகிப்போகும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்றார் அப்பா. பக்கத்து கவுன்டரில் நின்ற நீதான் கண்டுபிடித்தாய். சூப்பர்வைசர் மாடியேறும் செருப்புச் சத்தம் கேட்டதுமே, "இன்னாடி, தோளு காதாண்ட போய்க்கினு கீது, எறக்கு" என்பாய். அவர் லீவில் இருக்கும் செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வலியே இருக்காது. அதனால் 'சூப்பர்வைசர் வலி' என்று பேர் வைத்தாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது உனக்கு இடது தோள் வலித்தது. கை வரைக்கும் இறங்குகிறது என்றாய். ஏசியிலும் முகம் வேர்த்திருந்தது. இன்றைக்கு அவர் லீவாயிற்றே என்று கேட்டேன். "நாளைக்கி வந்துருவாருல்ல, தோளு இப்பவே பயப்படுது" என்றாய். இருவரும் சிரித்தோம். கவுன்டருக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலில் யாரும் உட்காரத் துணிந்ததில்லை. நீ அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தைலம் தேய்த்துவிட்டேன். அன்று இரவே நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள்.

பட்டினப்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்தபோது, உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "கடையில எதுனா சொன்னாளாம்மா, வலிக்குதுன்னு?"

டப்பா என் பையில்தான் இருந்தது. "இல்லண்ணா" என்றேன். எனக்குச் சட்டென்று பேச வராது என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு சொல் மட்டும் உடனே வந்துவிட்டது.

அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளிலும் வலிக்கிறது. பஸ்ஸில் வலிக்கிறது, தூங்கி எழுந்ததும் வலிக்கிறது. இரண்டு தடவை மீன் கடைகளைத் தாண்டி உன் தெரு வரை நடந்தேன். அண்ணன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். என் தோள் காதுவரை ஏறிக்கொண்டது. திரும்பி வந்துவிட்டேன்.

எறக்குடி என்று நீ சொல்வது இப்போதும் கேட்கிறது. அண்ணனிடம் சொல்லாமல் இது இறங்காது, அக்கா. பேச வராவிட்டால் போகட்டும், டப்பாவை அவர் கையில் வைத்துவிட்டால் மீதியை அவரே கேட்பார் என்று நினைக்கிறேன். மூன்று வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டப்பா இன்னும் என் பையில் இருக்கிறது.