மேட்டு லயத்துப் படங்கள்

என் சுமதிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போன பிறகு உன்னோடு மனதுக்குள்ளேயே பேசிப் பழகிவிட்டது. இன்று மட்டும் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டக் காணி கேட்டு நீ அலைந்தாயே, அந்த விஷயம் மறுபடி அசைந்திருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மலை பிளந்து வருவதைப் படங்களோடு விளக்கச் சொல்லிப் பதுளைக் கச்சேரி அலுவலகத்தில் காணி அதிகாரிகள் நேரம் கொடுத்தார்கள். நீ இருந்தால் நீதான் போயிருப்பாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடத்துக்கு ஸ்லைட் செய்கிறவள்தானே, இதையும் செய்துவிடுவாள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லயத்து ஆட்களின் படங்களைப் பின்னணியாகப் போட்டு, மேலே சிங்களத்தில் எழுதினேன். படங்களின் நிறத்தில் எழுத்து தொலைந்து போனது. அதனால் படங்களின் டிரான்ஸ்பேரன்சியைக் கூட்டினேன். முகங்கள் வெண்மைக்குள் கரைந்து பின்னால் போக, எழுத்து தெளிவாக முன்னால் வந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

கச்சேரிக்குப் போவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று, கோயில் மண்டபத்தில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, ஸ்லைடுகளை ஓடவிட்டேன். முதல் ஸ்லைடில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பேச்சியக்கா. பாதி கரைந்த முகம்.

"டீச்சரம்மா, எனக்கு என்னைக்குங்க கருமாதி?" என்று கேட்டார் பேச்சியக்கா.

பின்னால் சிரித்தார்கள். அவர் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் சும்மா இருக்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியேடி. இனி சோறு யாரு ஆக்குவா?"

"நீங்க மட்டும் என்ன? அடுத்த படத்தப் பாருங்க, ஒங்களையும் மேகத்துக்குள்ள அனுப்பியிருப்பாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் யாராவது இறந்தால் சந்தியில் கட்டுகிற பேனர் அப்படித்தானே இருக்கும்? முகத்தின் ஓரங்களைக் கரைத்து மேகத்தோடு சேர்த்துவிடுவார்கள். உனக்கும் அப்படித்தான் கட்டினார்கள். அந்தச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டே போனேன். அதே வேலையை உயிரோடு இருப்பவர்களுக்கு எப்படிச் செய்தேன்?

சிரிப்பு அடங்கியதும் பேச்சியக்கா மெதுவாகச் சொன்னார். "வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. மழ புடிச்சா நாங்க தூங்குறதில்ல. அந்த மல எங்கள மூடிருமோன்னு உக்காந்திருக்கோம். மூடிட்ட மாதிரியே நீங்க போட்டுக் காட்டினா, போனவங்களுக்கு எதுக்குக் காணின்னுதானே ஐயாமாரு கேப்பாங்க?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கலைத்தேன். முகங்களை முழு நிறத்துக்குக் கொண்டுவந்தேன். எழுத்து வருகிற இடத்தில் மட்டும், படத்திலுள்ள தகரக் கூரைக்கு மேலாக ஒரு கறுப்புப் பட்டையை வைத்து, அதன் டிரான்ஸ்பேரன்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தேன். அதிகம் கூட்டினால் வெள்ளை எழுத்து கூரையோடு கலந்துவிடுகிறது. குறைத்தால் கூரையே மறைந்துவிடுகிறது. தகரம் பறக்காமல் இருக்க மேலே அடுக்கிய கற்களும் தெரிந்து, எழுத்தும் வாசிக்க முடிகிற ஓர் அளவு இடையில் இருந்தது. அதில் நிறுத்தினேன்.

கடைசிப் படம்தான் என்னைப் படுத்தியது. லயத்துச் சுவரின் வெடிப்புக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாயே, நான் என் போனில் எடுத்த படம். பார்ப்பவர் கண் வெடிப்புக்குப் போக வேண்டும் என்று, படம் முழுவதையும் மெல்லிய கறுப்பால் மூடி, வெடிப்பை மட்டும் திறந்துவிட்டேன். நீ இருட்டுக்குள் போய்விட்டாய்.

சுமதி, அத்தனை படங்களிலும் உண்மையாகவே இறந்தவள் நீ ஒருத்திதான். உன்னை மங்கலாக்கினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் உன் கை இல்லாமல் வெடிப்பின் அகலம் எப்படித் தெரியும்? திறப்பைப் பெரிதாக்கினேன். முதலில் கை. பிறகு தோள். பிறகு முகம். அங்கே வந்த பிறகு மறுபடி மூட மனம் வரவில்லை.

கச்சேரியில் பெரிய அதிகாரி அந்தப் படத்தில் நிறுத்தச் சொன்னார். முன்னால் சாய்ந்து பார்த்தார். கை முழுதாக உள்ளே போகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். போகிறது என்றேன். நேரில் வந்து பார்க்க நாள் குறித்தார். காணி கிடைத்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வருகிறார்கள், அவ்வளவுதான்.

எழுந்து போகும்போது மறுபடி திரையைப் பார்த்தார். "நாங்கள் வருகிற அன்று இந்த மிஸ்ஸும் அங்கே இருப்பாரா? அவருக்கு இடம் நன்றாகத் தெரியும் போலிருக்கிறதே."

நீ அவ்வளவு தெளிவாக நின்றுகொண்டிருந்தாய். நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவளுடைய அக்கா இருப்பேன்" என்றேன்.

இருப்பேன், சுமதி. எந்த மழையென்றாலும் அவர்கள் வருவதற்கு முன்னால் மேட்டு லயத்துக்கு ஏறிவிடுவேன். நீ கை விட்ட அதே இடத்தில் என் கையை விட்டுக் காட்டுவேன். பேச்சியக்கா வீட்டுச் சட்டி பானை கீழே இறங்கும்வரை இந்த வேலையை விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா