பதினான்காம் பகுதி

நாள் 403, 09:10

செரஸ் குறுங்கோள், பனி வெட்டும் நிலையம். காற்றழுத்தம் சரி. வெட்டு இயந்திரங்கள் நான்கும் ஓடுகின்றன. ஆள் ஒருவர்: ஆவுடைநாயகம், பராமரிப்பாளர். அது நான்தான்.

இந்தக் குறிப்பை யார் கண்டெடுத்துப் படிப்பீர்களோ, தெரியாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு முன் 'கலம் ஒன்பது' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்ததே, அதை எழுதியவன் நான். பதின்மூன்றாம் பகுதி முடிவில் கேப்டன் மதுரவல்லியை ஓட்டை விழுந்த விண்கலத்தில் தனியாக விட்டிருந்தேன். அடுத்த வாரம் அந்த நேரத்தில் ஒரு மாமியார் தொடரைப் போட்டுவிட்டார்கள்.

நாள் 405, 11:30

பூமியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஜெசிந்தாவின் செய்தி. தூத்துக்குடிப் பெண், சின்ன வயதில் என் தொடரைப் பார்த்தவள்.

"அண்ணாச்சி, ஒங்க கலம் ஒன்பது படமா வந்துட்டு! குணசீலன் சார்தான் கதை, டைரக்ஷன் எல்லாம். ஒங்களுக்கும் அனுப்புதேன். பெரிய பைலு, வந்துசேர ஒம்பது நாளாவும்."

குணசீலன் என் உதவியாளன். நான் கிறுக்கியதைப் படியெடுத்துக் கொடுத்தவன். கதை அவனுடையதாம்! ஒன்பது நாள் பொறுக்க முடியாது. நிலையம் தானாகப் பூமிக்கு அனுப்பும் அழுத்த அறிக்கைகளை நிறுத்தி, இணைப்பைக் காலி செய்தேன். இனி இரண்டே நாள்.

நாள் 407, 16:05

பார்த்தேன். குப்பை. மதுரவல்லி பதினோராம் நிமிடத்தில் செத்துப்போகிறாள். அவளுடைய அண்ணன் மகனாம், ஒருவன் வருகிறான். கலத்தில் விழுந்த ஓட்டையைக் காதலியின் துப்பட்டாவால் அடைக்கிறான். உடனே பாட்டு. நன்றிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, படப்பிடிப்பில் சாப்பாடு போட்டவர்களுக்குக் கீழே.

மனசு குளிர்ந்தது என்று எழுதி இத்தோடு முடிக்கலாம். ஆனால் நாற்பத்தோராம் நிமிடத்தில் மதுரவல்லியின் காலி நாற்காலியில் யாரோ தண்ணீர்க் குவளையை வைக்கிறார்கள். வைத்த கையோடு எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. இருபது வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. அந்தப் பயலுக்குத் தோன்றியிருக்கிறது. வயிறு எரிகிறது.

நாள் 408, 08:00

பதினான்காம் பகுதியை நானே எழுதுகிறேன். ஓட்டைக் கலத்தில் மதுரவல்லி எழுதும் நாட்குறிப்பாக, நாளும் நேரமும் போட்டு. தினமும் நான் கையால் எழுதி அனுப்பும் நிலைய அறிக்கையின் வாலில் ஒட்டி ஜெசிந்தாவுக்கு அனுப்புவேன். தானியங்கி அறிக்கைகளை இன்னும் திறக்கவில்லை. என் பக்கங்களுக்கு இடம் வேண்டும்.

நாள் 412, 10:15

ஜெசிந்தா: "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா மதுரவல்லி பயப்படுதது மட்டும் நம்புத மாதிரி இல்ல."

நம்பும்படி இல்லையாம். துப்பட்டாவை நம்பினாளே! ஆறாவது தடவையாகத் திருத்தினேன். இயந்திரங்களைச் சுற்றிப் பார்க்க இன்றும் நேரமில்லை.

நாள் 415, 13:25

வடக்குக் கூடம் கிழிந்தது. மூன்றாம் இயந்திரத்தின் கை கழன்று சுவரில் அடித்திருக்கிறது. வாரம் ஒரு முறை முடுக்க வேண்டிய திருகு. நான் முடுக்கவில்லை. தானியங்கி அறிக்கைப் பெட்டியும் அந்தக் கூடத்தில்தான் இருந்தது. போயிற்று.

நடுக்கதவின் இடுக்கில் காற்று கசிகிறது. வேட்டியைத் திணித்துப் பார்த்தேன், இழுத்துக்கொண்டு போய்விட்டது. குணசீலா, துப்பட்டா வேலைக்கு ஆகாது.

காற்று மாலை வரை. ஆளில்லாச் சரக்குக் கலம் ஒன்று பக்கத்தில் போகிறது. பூமி உத்தரவிட்டால் இங்கே திரும்பும். 15:00 தாண்டினால் திரும்ப முடியாது. என் செய்தி பூமிக்குப் போக இருபத்தெட்டு நிமிடம், உத்தரவு வர இருபத்தெட்டு நிமிடம். நேரம் இருக்கிறது.

13:40

அனுப்பினேன். அனுப்பியது இதுதான்:

"நாள் 415. வடக்குக் கூடம் கிழிந்தது. காற்று மாலை வரை. சரக்குக் கலத்தைத் திருப்புங்கள். சாகப் பயமாக இருக்கிறது. இது கதையல்ல."

14:53

பதில்.

"அண்ணாச்சி! இப்பத்தான் மதுரவல்லி நெசமா பயப்படுதா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. படத்தவிட நூறு மடங்கு மேல! கையோட குணசீலன் சாருக்கும் அனுப்புனேன். 'வயிறு எரியுதும்மா, இத நான் எழுதியிருக்கணும்'னு சொல்லுதாவ. ஒண்ணே ஒண்ணு, கடைசி வரிய எடுத்துருங்க. கதையில்லன்னு சொன்னாத்தான் கதைன்னு தெரிஞ்சிருது."

ஏழு நிமிடம் இருக்கிறது. எனக்கு ஐம்பத்தாறு வேண்டும்.

15:02

சரக்குக் கலம் தாண்டிப் போனது. திரையில் பார்த்தேன்.

15:40

காற்று நான் கணக்கிட்டதைவிட வேகமாகக் கசிகிறது. மூச்சு முட்டுகிறது. மின்சாரமும் போய், மின்கலத்தில் ஒரே ஒரு செய்திக்குத்தான் தெம்பு இருந்தது. அனுப்பிவிட்டேன்: "கடைசி வரியை எடுக்க முடியாது."

அவளுடைய பதிலை நாலாவது தடவை படிக்கிறேன். பயம்கூடக் கொஞ்சம் விலகிவிட்டது. குணசீலனுக்கு வயிறு எரிகிறதாம். குணசீலனுக்கு. இன்னொரு தடவை படித்து