சாகாத வீராயி

உன் ஆங்கில நாவலின் மூன்றாம் பாகத்தைத் திறந்தால் குழந்தைப் பவுடர் வாசனை அடிக்கிறது. நடுவில் பால் சிந்திக் காய்ந்து இரண்டு பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. நகத்தால் பிரித்தேன், கிழிந்தது. கிழிந்த இடத்தில்தான் ஒரு தூதுவன் மூச்சிரைக்க ஓடிவந்து முக்கியமான சேதி ஏதோ சொல்கிறான். என்ன சேதி என்று உன்னைக் கேட்கலாம் என்றால், நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நல்ல வேலை செய்தாய், போ.

உன் தம்பிதான் நான்கு பாகங்களையும் ஒரு உரப்பையில் கட்டி ஹட்டனுக்குத் தூக்கிவந்தான். "அக்கா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொல்லுச்சு" என்று வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தான். என்னிடம்! பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகத் தமிழ் கற்பிக்கிறவளிடம். வாள், மந்திரம், பறக்கும் பாம்பு என்றாலே புத்தகத்தை மூடி வைக்கிறவளிடம். தெரிந்துதான் செய்திருக்கிறாய்.

உன் தம்பி மலையடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு விடுதியில் வேலை செய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மலையேற வந்த வெள்ளைக்காரன் ஒருவன் சுமை தாங்காமல் முதல் பாகத்தை அங்கேயே விட்டுப் போனான். அதன் பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு உன் தம்பி உனக்கு வாங்கித் தந்தான். ஒவ்வொன்றும் செங்கல் கனம். முதல் பக்கத்தில் வரைபடம், அடுத்த ஐந்து பக்கங்களுக்கு வம்சாவளி. பிறகு முன்னூறு பக்கங்களுக்கு நடக்கிறார்கள். நடந்து நடந்து ஒரு கணவாய்க்கு வந்தால் அங்கே பனி மூடிக் கிடக்கிறது. திரும்பி நடக்கிறார்கள். இதற்கு நீ அழுதாய்.

நான் உன்னைக் கேலி செய்தது கொஞ்சமா? அந்தக் கதை நாட்டில் எந்தப் பாதை எந்த ஆற்றில் போய் முட்டும் என்று உனக்கு மனப்பாடம். கொத்மலைக்குப் போன ஒரே தடவை பஸ் மாறி ஏறி நாவலப்பிட்டியில் போய் நின்றவளும் நீதான்.

"நம்ம தோட்டத்துச் சனம் லயத்து வீட்டுல படுற பாட்ட எழுதுன நாவல் எத்தன குடுத்தேன், அதப் படிக்க மாட்டியா?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

"படிச்சேண்டி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல வர்ற வாசப்படியக் காலையிலதான் கூட்டிட்டு வந்தேன்" என்றாய். அப்புறம், "நீ கத எப்ப முடியும்னு படிக்கிறவ. நாங்க முடிஞ்சிறக் கூடாதுன்னு படிக்கிறவங்க" என்றும் சொன்னாய். யார் அந்த நாங்கள் என்று நான் அன்று கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸாக இருந்த நீ, அந்த வேலையோடு இந்த வேலையையும் பார்த்திருக்கிறாய். காலையில் கொழுந்துக் கூடைகளை வெளியில் வைத்துவிட்டுத் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள். அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் நீ புத்தகத்தைப் பிரித்து, ஆங்கிலத்தைக் கண்ணால் படித்து, வாயால் தமிழில் சொல்லியிருக்கிறாய். உன் கதையில் அரசனின் படை, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க நிற்பதுபோல், விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றதாம். பனிக்கணவாய், பதிமூன்றாம் நம்பர் மலைக்கு மேலே போகிற வளைவு மாதிரி இருந்ததாம். வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு போர்க்காரிக்கு வீராயி என்று பெயர் வைத்தாயாம்.

இதெல்லாம் உன் காரியத்தன்றுதான் எனக்குத் தெரியும். மடியில் பிள்ளையோடு இருந்த செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ் வீராயியக் கணவாயில காவலுக்கு நிறுத்திட்டுப் போயிட்டாங்க டீச்சர். மாசம் ஒண்ணாச்சு. அவ இன்னும் அங்கயேதான் நிக்கிறா. மிச்சத்த நீங்கதான் சொல்லணும்."

துக்க வீட்டில் மறுக்க முடியுமா? சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து, கதை புரிய வேண்டுமே என்று முதல் பாகத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் பாகத்தின் முடிவில் உன் வீராயி செத்துப் போகிறாள். கழுத்தில் அம்பு. இரண்டு பக்கம் ஒப்பாரி. புதைத்து மேலே கல்லும் வைத்துவிட்டார்கள். ஓரத்தில் பென்சிலால் உன் கையெழுத்து: "இங்க செத்துட்டா. அங்க இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால்! மூன்றாம் பாகத்தின் ஓரமெல்லாம் உன் பென்சில். "வீ. கூடாரத்துல." "வீ. தண்ணி எடுக்கப் போறா." செத்தவளை ஒவ்வொரு அத்தியாயத்திலும் எங்கேயாவது ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருந்தாய். பாதிப் புத்தகத்தோடு அந்தக் குறிப்புகளும் நின்றுவிட்டன. அடுத்தவர் எழுதிய கதையை இப்படித் திருத்தலாமா? என் மாணவி செய்திருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சனிக்கிழமை பஸ் ஏறினேன். பிள்ளைக்காம்பராவில் ஆறு பேர் இருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் பிள்ளைகளின் நிறை குறிக்கும் அட்டைகளுக்குப் பக்கத்தில் நீ வரைந்த வரைபடம். நான் தொண்டையைச் செருமுவதற்குள் செல்வராணி கேட்டாள்.

"வீராயி நல்லாருக்கால்ல டீச்சர்?"

"அதப் பத்தித்தான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"அவளுக்கு ஒண்ணும் ஆவாது டீச்சர். கழுத்துல அம்பு பட்டப்பயே நாங்க நேந்துக்கிட்டோம்ல."

அம்பு பட்டது இவர்களுக்கும் தெரியுமா? பிறகு அவளே விளக்கினாள். அம்பு பட்ட இடத்தில் அன்றைய அரை மணி நேரம் முடிந்துபோனதாம். மறுநாள் மலையில் இவர்கள் முதல் கொழுந்தை வழக்கம்போல் 'பொலி' என்று வாழ்த்திக் கூடையில் போடாமல் மாடசாமிக் கல்லில் வைத்து, வீராயி பிழைத்தால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார்களாம். பிறகு உன்னிடம் வந்து சொன்னார்களாம். நீ புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாயாம். அப்புறம், "கண்ணு முழிச்சிட்டா" என்றாயாம். அன்று சாயங்காலமே தேங்காய் உடைத்திருக்கிறார்கள்.

"மிஸ் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் அதே கல்லுலதான் கொழுந்து வச்சோம் டீச்சர்" என்றாள் செல்வராணி. "மிஸ்ஸுக்குத்தான் பலிக்கல. வீராயிக்கு வச்சதாவது பலிச்சிச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல். அந்த மூன்று வாரமும் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஓட்ஸ் கஞ்சி கரைத்துத் தந்தேன், அதையும் நீ குடிக்கவில்லை. அந்தக் கையாலாகாத கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. இவர்கள் கேட்டதில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதையும் நான் போய்ப் பிடுங்கவா?

"இருக்கா. குளிர்தான் கொஞ்சம் கூட, கம்பளி சுத்திக்கிட்டு நிக்கிறா" என்றேன்.

அன்றிலிருந்து என்னைப் பிடித்தது சனியன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பரீட்சைத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, செத்துப்போன ஒருத்திக்கு அந்த அத்தியாயத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உன் பென்சில் நின்ற இடத்துக்குக் கீழே என் பேனா தொடர்கிறது. அந்த நாட்டுப் பாதைகள் எனக்கும் மனப்பாடமாகிவிட்டன. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் அவமானமாகத்தான் இருக்கிறது.

நான்காம் பாகத்தை முழுக்கப் படித்துவிட்டேன். கடைசிப் போர். எழுதியவருக்கு ஈவிரக்கமே இல்லை, வரிசையாகக் கொல்கிறார். அந்தக் கிழட்டு மந்திரவாதியை உனக்கு ரொம்பப் பிடிக்குமே, அவனும் அணைக்கட்டில் நின்று சாகிறான். போன சனிக்கிழமை அவன் அணைக்கட்டில் ஏறிய இடத்தில் அரை மணி நேரம் முடிந்தது. எல்லோரும் எழுந்து கூடையை மாட்டினார்கள். செல்வராணி மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கெழவனுக்கு நேந்துக்கட்டுமா டீச்சர்?"

"நேந்துக்கங்க" என்றேன்.