நாய் முந்திக்கொண்ட கோள்

கிரிமியா, மார்ச் 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே நான் கண்டுபிடித்த சிறுகோளுக்கு உன் பெயர் வரப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாயாமே! சொல்லாதே என்றேனே அம்மா. மூன்று மாதம் அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டேன். கடைசியில் பார்த்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானியர் கண்டுபிடித்துத் தொலைத்த அதே கோள்! அதற்குத் தன் நாயின் பெயரை வேறு வைத்திருக்கிறார்.

"உங்க அம்மாவை நாய் முந்திக்கிச்சு ஸோயா, விடும்மா" என்று எங்கள் வானாய்வகத்தின் மூத்தவர் ஆர்கடி சிரிக்கிறார். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

கம்பளிக் காலுறையும் உப்பில் ஊறிய காளானும் அனுப்பு. கடிதத்தைப் பக்கத்து வீட்டு வால்யாவிடம் சொல்லி எழுதவைக்காதே. பிழையோடு நீயே எழுது. அப்போதுதான் உன் குரல் கேட்கிறது.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் ஸோயா