கொண்டி எந்தப் பக்கம்

என்னங்க,

நீங்கள் சொன்னபடியே வீட்டையும் தென்னந்தோப்பையும் சேர்த்துக் கம்பிவேலி போட ஆள் வைத்துவிட்டேன். ஃபோனில் சொல்லிவிடுவது உங்களுக்குச் சுலபம். கேட்பவர்களிடமெல்லாம் காட்டுப்பன்றிக்காக என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். போன வாரம் வாய்க்கால் வரைக்கும் என்று கிளம்பியவர், உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். அது அவருக்கு நினைவில்லை. இன்று கயிற்றின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, "கோணுது, கெழக்க தள்ளு" என்று கல் ஊன்ற இடம் காட்டினார். மாமா முகத்தில் அப்படியொரு தெளிச்சியைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

தகரக் கேட்டில் கொண்டியை வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். நான் வயலுக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போக வேண்டுமே. வேலி போடும் ஞானதுரை சிரித்தார்.

"பன்னிக்கு வேலின்னா கொண்டி உள்பக்கந்தானக்கா?"

மாமாதான் சொன்னார்.

"எம்மருமக சொன்னா காரணம் இருக்கும். வெளியவே போடுப்பா."

வேலி முடிந்துவிடும். முதல் நாள் கொண்டியைப் போட மட்டும் நீங்கள் வந்துவிடுங்கள். என் கையால் ஆகாது.

உங்கள் வீட்டுக்காரி