ஏழாம் மாதம் கடலுக்குப் போன எட்டு நாற்காலிகள்

கீலுங், தைவான்,
ஏழாம் மாதம் இருபதாம் நாள்

அன்பு மகள் யிஜுனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், ரோட்டர்டாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பதினோரு நாளாக மழை. போகவேண்டாம் என்று நீ தொலைபேசியில் மூன்று முறை சொன்னாய், நாங்கள் போய்விட்டு வந்துவிட்டோம், அதை வரிசையாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் ஜப்பானில், நாஹா துறைமுகத்தில் நடந்தது உனக்குத் தெரியும். சக்கர நாற்காலி நுழையும் அறைகள் அந்த உல்லாசக் கப்பலில் எட்டு இருந்தும் அவற்றில் ஆறை, இடம் தாராளம் என்று நடக்கக் கூடியவர்களே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் சக்கர நாற்காலிச் சங்கத்தில் அம்மாவுக்கும் கோ மாமாவுக்கும் மட்டும்தான் கிடைத்தது. காலை எட்டு மணிக்குக் கரைக்குப் போட்ட பாலம் பதினான்கு டிகிரி சரிவு, நாற்காலியை விட முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். மாலை வரை மேல்தளத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "துறைமுகத்தை வேடிக்கை பார்க்கணும்னா என் லாட்டரிக் கடையிலேயே உக்காந்திருப்பேனே, இதுக்கு எதுக்குய்யா கப்பல்?" என்றாள். அதன் பிறகு கப்பல் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வயதில் போலியோ வந்தவள், அறுபத்தொரு வயது வரை இந்த ஊர்க் கரையைத் தவிர வேறு கரையைத் தொட்டதில்லை. இன்னொரு முறை திருப்பி அனுப்பப்பட்டால் அவள் வீட்டை விட்டே கிளம்பமாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

தவறு என்னுடையது. முப்பத்தெட்டு வருடம் துறைமுகச் செய்தி எழுதியவன் நான். ஆனால் கீலுங்கில் கடல் முழங்கால் அளவுக்குத்தான் ஏறி இறங்கும், அதனால் ஓதத்தைப் பற்றி நாம் யாரும் நினைப்பதே இல்லை. நாஹாவில் அது ஆள் உயரம். இந்த ஜனவரியில்தான் அந்த ஊர் ஓத அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். அன்று காலை எட்டு மணிக்குக் கடல் உச்சத்தில் இருந்திருக்கிறது, கப்பலும் அதனோடு உயர்ந்து நின்றிருக்கிறது. மதியம் தண்ணீர் வற்றியபோது பாலம் ஏறக்குறைய சமமாகியிருக்கும். அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டு அறைகளும் ஒருசேரக் காலியாக இருந்தது நம் நிலாக் கணக்கின் ஏழாம் மாதத்தில் மட்டும்தான். பேய்கள் கரைக்கு வரும் மாதத்தில் யார் கடலுக்குப் போவார்கள்? பெரியம்மா வீட்டுக்கே வந்து, "ஏழாம் மாசம் எவளாவது தண்ணிக்குப் போவாளாடி? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினார். அம்மா பழம் நறுக்கிக்கொண்டே, "பேயெல்லாம்தான் லீவுக்குக் கரைக்கு வந்துடுச்சேக்கா, கடல் காலியாத்தான் கிடக்கும்" என்றாள். கோ மாமா, "என்னைத் தூக்கிட்டுப் போற பேய்க்கு முதல்ல இடுப்பு உடையும் அண்ணி" என்றார். அதோடு சங்கத்தின் மற்ற ஆறு பேரும் பெயர் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு நாற்காலியின் அகலத்தையும் அளந்தேன், மின்கலம் எந்த வகை என்று எழுதினேன், அறைக் கதவு, குளியலறை வாசற்படி எல்லாவற்றுக்கும் அளவு கேட்டுக் கப்பல் கம்பெனிக்கும், பாலத்தைப் பற்றி நாஹா துறைமுகத்துக்குமாக ஒன்பது கடிதம் போட்டேன். மதியம் ஒரு மணி வரை கடவுச்சீட்டு பார்க்கும் குடிநுழைவு மேசை ஒன்றைத் திறந்து வைப்பதாக நாஹாவிலிருந்து பதில் வந்ததும்தான் முன்பணம் கட்டச் சொன்னேன்.

பௌர்ணமியன்று போய்ச் சேர்ந்தோம். காலையில் அதே பதினான்கு டிகிரி, அதே பதில். எங்களில் இரண்டு பேருக்கு முகம் வாடிவிட்டது. நான் அட்டவணையைக் காட்டி, பன்னிரண்டு நாற்பதுக்கு மறுபடி அளந்து பாருங்கள் என்றேன். அந்த இளம் அதிகாரி சொன்னபடி வந்து அளந்தார். நான்கு டிகிரி. அவர் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை அளந்தார். அம்மா காத்திருக்கவில்லை. "தம்பி, நீ அளந்துக்கிட்டே இரு, நான் இறங்கிட்டு வந்து கேட்டுக்குறேன்" என்று தைவான் பேச்சிலேயே சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினாள். யாரையும் பிடிக்க விடவில்லை. பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு நாஹா கரையில் இருந்தாள். பின்னாலேயே ஏழு பேர். கோ மாமா பாதிப் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொல்லி அடம்பிடித்தார், பின்னால் வந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

இரண்டு மணி நேரம்தான். பாகற்காய் வறுவல் சாப்பிட்டோம், நம் வீட்டுப் பக்குவம் இல்லை என்று அம்மா குறை சொன்னாள். கடைத்தெருவில் ஒரு லாட்டரிக் கடை இருந்தது. இருபத்தாறு வருடம் விற்றவள், முதல்முறையாக ஒரு சீட்டு வாங்கினாள். அதை இதனுடன் வைத்திருக்கிறேன். பரிசு விழுந்ததா என்று பார்க்க வேண்டாமாம், கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வை என்கிறாள். தண்ணீர் ஏறுமுன் மூன்று மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டோம்.

பெரியம்மா இன்னும் எங்களோடு பேசவில்லை, ஆனால் போட்டோவை மட்டும் அனுப்பச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார். நீ குளிருக்கு முன் பல் வைத்தியரைப் பார்த்துவிடு, தள்ளிப் போடாதே. எங்கள் இருவரின் ஆசியும் என்றும் உனக்கு உண்டு. ஒன்றை மறந்துவிடாதே, உன் ஊர்த் துறைமுகத்தின் ஓத அட்டவணை, அடுத்த வருடத்தியது, ஒன்று வாங்கி அனுப்பு. அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன் அப்பா,
லியன் ஸுங்-ஹாய்