பத்து நாளில் இரண்டு வயது

1947 மே 6, செவ்வாய். வான்கூவர்

காலை முழுவதும் ஒரே வழக்கு. காய்கறி வண்டிக்காரர் இருவர். ஒரு தெருமுனை யாருடைய வியாபார இடம் என்பது தகராறு. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் முடித்த பின்பே மற்றவரை மொழிபெயர்த்தேன். சாட்சி சொன்னதைச் சொல்வது, சொல்லாத எதையும் சேர்க்காமலிருப்பது: நீதிமன்றத்தில் சேர்ந்த நாள் முதல் இதைத்தான் என் தொழிலின் முழுப்பொருளாகக் கருதி வருகிறேன்.

மாலையில் ஷெக் அண்ணன் படியேறி வந்தார். மருத்துவமனையில் சமையல் வேலை, கீழ்மாடியில் குடியிருப்பு. சீனர்களாகிய நம் ஆட்கள் இந்நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டத்தைத் தலைநகர் ஒட்டாவாவில் நீக்கப் போவதாகச் செய்தி என்றார். நாடாளுமன்றத்தில் மசோதா கடைசியான மூன்றாம் வாசிப்பைக் கடக்கட்டும், அப்போது நம்புகிறேன் என்றேன்.

"பொண்டாட்டி கடுதாசியையே மூணு தரம் படிச்சுட்டுத்தான் நம்புற ஆளு நீ" என்று கஞ்சியை வைத்துவிட்டுப் போனார்.

மே 15, வியாழன்

நேற்றோடு 1923ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை.

அச்சட்டம் சீனர் எவரும் புதிதாக இந்நாட்டில் கால் வைக்கக் கூடாது என்றது. முன்பே வந்தவர் ஊருக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். மனைவியை அழைத்துவர முடியாது. நான் பதின்மூன்று வயதில் வந்து இங்கே படித்தவன். 1921இல் சீனாவில் எங்கள் ஊரான கைபிங் சென்று சுய்-ஹாவை மணந்து திரும்பினேன். 1929இல் ஒருமுறை சென்றேன். அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. நான் 1931 வசந்தத்தில் கப்பலேறியபோது எங்கள் மகள் லாய்-கிங் கைக்குழந்தை.

சீனர்கள் வாழும் எங்கள் பென்டர் தெருவில் யாரும் கூத்தாடவில்லை. தேநீர்க்கடையில் பெரியவர்கள் செய்தித்தாளைச் சுற்றி நின்றார்கள். போருக்குப் போன நம் பையன்கள் இந்நாட்டுச் சீருடையோடு திரும்பி வந்து, "எங்க அம்மாவ ஏன் உள்ள விட மாட்டீங்க?" என்று கேட்டார்கள். சட்டம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

முழு விதியையும் வாசித்தேன். குடியுரிமை பெற்றவர் மட்டுமே அழைக்கலாம். மனைவியையும், மணமாகாத, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளையும் மட்டுமே. ஐரோப்பியருக்கு இத்தனை கெடுபிடி கிடையாது. வாசல் திறக்கவில்லை, ஜன்னல்தான் திறந்திருக்கிறது. ஆயினும் லாய்-கிங்குக்குப் பதினாறுதான் ஆகிறது. போதும்.

ஷெக் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம் பொண்டாட்டிக்குச் சட்டம் மாறுற வரைக்கும் பொறுமை இல்ல" என்றார். போர்க்காலப் பஞ்சத்தில் அவர் மனைவி ஊரிலேயே இறந்துபோனார். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 1

நாட்டின் பிறந்தநாள் ஊர்வலம். 1923இல் இதே நாளில்தான் அச்சட்டம் அமலுக்கு வந்தது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கடைகளை அடைத்துப் படுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இம்முறை மேள ஓசை கேட்டதும் ஜன்னல்கள் திறந்தன. யாரும் இறங்கிப் போகவில்லை.

டிசம்பர் 9

குடிமகனாக உறுதிமொழி எடுத்தேன். அதிகாரி வாசித்த வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிற்று. திரும்ப வாசிக்கச் சொன்னேன். முறைத்தார், வாசித்தார்.

1948 மார்ச் 4

மனைவியையும் மகளையும் அழைக்க நான் போட்ட மனு ஏற்கப்பட்டது. சுய்-ஹாவும் லாய்-கிங்கும் ஹாங்காங் சென்று அங்குள்ள அதிகாரி முன் நேர்காணலுக்கு ஆஜராக வேண்டும். பதினெட்டு நிறையுமுன் மகள் இங்கே கரையிறங்க வேண்டும். அடுத்த ஆண்டு பிப்ரவரி ஏழுக்குள். காலம் தாராளமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, வியாழன்

தாராளம் என்று எழுதிய கையை என்ன செய்வது?

ஹாங்காங்கிலிருந்து தந்தி. மனைவிக்கு அனுமதி. மகளுக்கு இல்லை. வயது பத்தொன்பது.

பத்தொன்பது எப்படி — யார் சொன்னது — 

இரவு தந்தியை மீண்டும் எடுத்தேன். தந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் வழக்கில் பிறந்த அன்றே குழந்தைக்கு வயது ஒன்று. புத்தாண்டு பிறந்தால் ஊரில் எல்லோருக்கும் இன்னொரு வயது கூடும். லாய்-கிங் பிறந்து பத்து நாளில் புத்தாண்டு வந்தது. பத்து நாள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு வயசு ஆயிடுச்சு, இன்னும் பல்லு வரலையா?" என்று உறவுக்காரர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கணக்கில் பார்த்தால் அவளுக்கு இப்போது பத்தொன்பதுதான். இந்நாட்டுக் கணக்கில் பதினேழு.

ஆகஸ்ட் 21

ஷெக் அண்ணனின் யோசனை: பதினாறு வயதுப் பெண்ணின் அடையாளக் காகிதம் ஒன்று விலைக்கு வாங்குவது. வேறொருவர் மகளாகப் பெயர் மாற்றி வந்துவிடட்டும். வந்த பிறகு நம் வீட்டில் இருக்கட்டும். பாதித் தெரு அப்படி வந்ததுதானே என்றார். உண்மைதான்.

முடியாது என்றேன். என் மகள் என் மகளாகத்தான் வர வேண்டும்.

"வக்கீல் ஐயா, ஒனக்குப் பொண்ணு வேணுமா, சட்டம் வேணுமா?"

"ரெண்டும் வேணும் அண்ணே."

"ரெண்டும் ஒரே கப்பல்ல வராது, தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கோபமாகத்தான் இறங்கினார்.

செப்டம்பர் 7, செவ்வாய்

சுய்-ஹாவின் கடிதம். அவள் சொல்லச் சொல்ல லாய்-கிங் எழுதியது; சொன்னபடியே எழுதியிருக்கிறாள்.

"பொண்ணுக்கு என்ன வயசுன்னு அந்த அதிகாரி கேட்டாரு. பத்தொன்பதுன்னேன். நான் என்ன பொய்யா சொன்னேன்? அவரு என்னமோ தாள்ல எழுதிக்கிட்டு, அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. நீங்க எழுதின பிறந்த தேதிக்கும் இதுக்கும் ஒத்து வரலியாம், இது வேற யாரோட பொண்ணோன்னு சந்தேகமாம். பெத்தவ எதிர்ல நின்னுக்கிட்டு இருக்கேன், வேற யாரோட பொண்ணா? வயித்துல இருந்த காலத்தக் கணக்குல விட்டுட்டா, சொமந்தவளுக்கு என்ன மரியாதை? இவ வராம நான் மட்டும் வர மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி."

ஹாங்காங் நேர்காணலில் இருந்த மொழிபெயர்ப்பாளர் மீது கோபம் கொள்ள முயன்றேன். அவர் சீனர், இரண்டு கணக்கும் தெரிந்தவர். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தொன்பது என்று காதில் வாங்கினார், பத்தொன்பது என்று சொன்னார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அதையேதான். பிசகில்லாத மொழிபெயர்ப்பு அது.

செப்டம்பர் 16

குடிவரவு அலுவலகம். 1931இல் நான் திரும்பி வந்தபோது துறைமுகத்தில் பிறந்த தேதியை முறையாகவே பதிவு செய்திருந்தேன். அது அவர்களிடமே இருக்கிறது. ஆனால் தாயின் வாய்மொழி வேறாக இருப்பதால் முரண்பாடு. வழக்கம் இன்னது என்று நானே விளக்கி எழுதித் தந்தேன். அதிகாரி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க தகப்பனார். உங்களுக்கு வேண்டியதைத்தானே சொல்லுவீங்க?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 12, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

இழுத்துக்கொண்டே போன ஒரு திருட்டு வழக்கு. மார்ச் இருபதாம் தேதி ஒரு சலவைக்கடையில் துணி மூட்டை காணாமல் போயிற்று. வேலையாள் ஒருவர் மேல் குற்றச்சாட்டு. அவருக்குச் சாட்சியாக ஒரு முதியவர் வந்தார். இரண்டாம் மாதம் பத்தாம் நாள் பகல் முழுவதும் அந்த ஆள் தம் தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்கினார் என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன். அரசு வழக்கறிஞர் எழுந்து, இவர் பிப்ரவரியைப் பற்றிப் பேசுகிறார், திருட்டு நடந்தது மார்ச்சில், இந்தச் சாட்சியம் எதற்கும் உதவாது என்றார். முதியவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

எங்கள் இரண்டாம் மாதம் பிப்ரவரி அல்ல. அதன் பத்தாம் நாள் இவ்வாண்டு மார்ச் இருபதில்தான் விழுந்தது.

நான் எழுந்தேன். நீதிபதி ஆக்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் குவான், இத்தனை வருஷத்துல நீங்களா வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. இப்ப நீங்க மொழிபெயர்ப்பாளரா, சாட்சியா?"

"எனக்கே தெரியலைங்க ஐயா. ஆனா இப்ப நான் சும்மா இருந்தா, நான் செஞ்ச மொழிபெயர்ப்பு பொய்யாயிடும்."

என்னைத் தனியாக உறுதிமொழி எடுக்கச் செய்து பஞ்சாங்கக் கணக்கை விளக்கச் சொன்னார். விளக்கினேன். முதியவர் தம் வயதை எழுபது என்றிருந்ததால், அதுவும் இப்படிப்பட்ட கணக்குத்தானா என்று நீதிபதி கேட்டார். ஆம் என்றால் போதுமான கேள்வி. நான் ஆம் என்பதோடு நிற்கவில்லை. பிறந்த அன்று ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று, ஆண்டுக் கடைசியில் பிறந்த குழந்தைக்கு ஒரு வாரத்திலேயே இரண்டு என்று விரிவாகச் சொன்னேன். எழுத்தர் அனைத்தையும் பதிவு செய்தார்.

வேலையாள் விடுதலை.

அந்த முதியவருக்காக எழுந்தேனா, லாய்-கிங்குக்காக எழுந்தேனா? எழுந்த கணத்தில் முதியவர்தான் மனத்தில் இருந்தார். உட்காரும்போது அவர் இல்லை.

அக்டோபர் 13

மறைத்து வைத்தால் தூக்கம் வராது. நீதிபதியின் அறைக்குச் சென்று, நேற்று நான் சொன்ன கணக்கில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்று மகள் விஷயத்தைத் தெரிவித்தேன். வேண்டுமானால் அப்பகுதியைப் பதிவிலிருந்து நீக்கிவிடலாம் என்றும் சொன்னேன்.

அவர் புகைக்குழாயைத் துடைத்து வைத்தார்.

"அந்தப் பொண்ணு உங்க பொண்ணுங்கிறதால சீனாக்காரங்க பஞ்சாங்கம் மாறிடுமா?"

"மாறாதுங்க."

"அப்ப எதுக்கு நீக்கணும்? நேத்து கேள்வி கேட்டது நான். கேட்டவன் உங்க பொண்ணுக்கு உறவும் இல்ல. நகல் வேணும்னா எழுத்தர்கிட்ட முறைப்படி கேளுங்க. முத்திர போட்டுத் தருவாரு."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். நீதிமன்றப் படியில் நான் உட்கார்ந்தது இதுவே முதல்முறை.

அக்டோபர் 20

முத்திரையிட்ட நகலைக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்தேன். அதே அதிகாரி. இருமுறை வாசித்தார். "இது வேற ஒருத்தர் வழக்குதானே?" என்று உறுதி செய்துகொண்டு, ஒட்டாவாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

நவம்பர் 18

பதில் இல்லை.

டிசம்பர் 10, வெள்ளி

வந்துவிட்டது. இருவருக்கும் அனுமதி.

ஷெக் அண்ணனிடம் தந்தியை நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரு பக்கமும் பார்த்தார். "ரெண்டும் ஒரே கப்பல்ல வருதா?" என்றார். ஆம் என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது. சற்று நேரத்தில் கருவாடும் முட்டையும் வந்தன.

1949 ஜனவரி 19

கடலில் புயலாம். கப்பல் இன்னும் வரவில்லை. பிப்ரவரி ஏழு, பிப்ரவரி ஏழு.

ஜனவரி 24, திங்கள்

வந்தார்கள்.

துறைமுக விசாரணையில், சொந்தக்காரர் என்பதால் என்னை மொழிபெயர்க்க விடவில்லை. அது சரியான விதி. தடுப்புக்கு இப்பால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சுய்-ஹாவைத் தேடினேன், என் நினைவில் இருந்தவள் இறங்கவே இல்லை. தலை நரைத்த ஒரு பெண், என்னைவிட உயரமான ஒரு பெண்ணின் கையைப் பிடித்து வந்தாள். அந்த உயரத்தைப் பார்த்ததும் என் தாயார் கண்முன் வந்தார்.

அதிகாரி வயதைக் கேட்டார். லாய்-கிங் ஆங்கிலத்திலேயே பதினேழு என்றாள். கப்பல் முழுவதும் அதை மட்டும் பயின்றிருக்கிறாள். சுய்-ஹா உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு சிரமம் என்று அங்கிருந்தே தெரிந்தது.

தடுப்பைத் தாண்டி வந்து நின்றார்கள்.  சுய்-ஹாதான் முதலில், "இவ்வளவு எளைச்சுப் போயிட்டீங்க. யாரு சமைச்சுப் போட்டா?" என்றாள்.

பின்னால் நின்ற ஷெக் அண்ணன், "நான்தாங்க" என்றார். தலைகுனிந்து.

ஜனவரி 27

மகள் இன்னும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. எதிரே வந்து நின்று, நான் நிமிரும் வரை காத்திருக்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, வியாழன்

இக்கட்டிடத்தில் எங்கள் வீட்டைத் தவிர அத்தனையும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தனி ஆண்கள். மூன்று நாளாக ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் நான் இரவல் கொடுக்காத குடையைத் திருப்பித் தந்தார். இன்னொருவர் மணி கேட்டார். அவர் சட்டைப்பையில் கடிகாரம் இருந்தது. சுய்-ஹா ஒருவரையும் விடவில்லை. ஈரக்காலோடு உள்ளே வந்ததற்குத் திட்டு, பொத்தான் தைக்காததற்குத் திட்டு. வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிறார்கள். ஷெக் அண்ணன் இன்று வேண்டுமென்றே சேற்றுச் செருப்போடு வந்தார் என்று நினைக்கிறேன்.

மாலையில் என் முறை. மேசையில் சட்டப் புத்தகங்களைப் பரப்பியிருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டு வைக்க இடமில்லை என்று ஆரம்பித்தாள். கைபிங் பேச்சு, கைபிங் வசவு. "அப்பா, பேசாம எடுத்துடுங்க" என்று லாய்-கிங் மெல்லச் சொன்னாள். எடுத்தேன். ஆனாலும் சுய்-ஹா நிறுத்தவில்லை.

அப்போதுதான் படிக்கட்டில் அரவம் அடங்கியிருப்பதைக் கவனித்தேன். ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மேலேயும் கீழேயும் ஒருவர் இருமுவதுகூட இல்லை. எல்லோரும் அந்த ஊர் வசவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்த எழுந்தேன். வாசல் வரை போனேன். சாத்தாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.